பசை உறை இயந்திரத்தைச் சீர்ப்படுத்துவது எப்படி: மடிப்பும் உலர்த்தலும்

மடித்து அடுக்கிக் கட்டி வைத்த கடித உறைகளை மறுநாள் பிரிக்கும்போது, நாலைந்து உறைகள் மேல்மடலின் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்து வந்தால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது ஹீட்டரின் மீதுதான். வெப்பத்தைக் கூட்டினால் பசை விரைவில் காயும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் உறை இயந்திரத்தில் அது பாதி அளவே உண்மை. பசையிலிருந்து வெளியேற வேண்டிய நீரின் அளவை ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தால், அதற்குத் தேவையான வெப்பம் மிகச் சிறிது என்பதும், இயந்திரத்தில் உண்மையில் குறைவாக இருப்பது அந்த நீராவியை அகற்றும் காற்றோட்டம் என்பதும் விளங்கும். ஆகவே இந்த வழிகாட்டியில் முதலில் நீரைக் குறைப்பதையும், அடுத்துக் காற்றைச் சரிசெய்வதையும், அதன் பிறகே மடிப்பையும் வேகத்தையும் பற்றிச் சொல்கிறேன். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், செய்த வேலையையே மீண்டும் செய்ய நேரும்.

ஓர் உறையில் இரண்டு வகைப் பசைகள் உண்டு. பக்க மடல்களையும் அடிமடலையும் நிரந்தரமாக ஒட்டும் பசை, தாள்களுக்கு நடுவே அழுந்தி, தாளுக்குள் ஊறியே பிடித்துக்கொள்வதால் அதற்குத் தனி உலர்த்தல் தேவைப்படுவது அரிது. மேல்மடலில் பூசும் பசையோ முற்றிலும் உலர்ந்து, பிறகு நீர் பட்டதும் மீண்டும் ஒட்டும் தன்மையுடையது. முன்பு கருவேல இனத்துப் பிசினும், பின்னர் மாவுப்பொருளிலிருந்து பெறப்படும் டெக்ஸ்ட்ரினும் இதற்குப் பயன்பட்டு வந்துள்ளன. இயந்திரத்தின் வேகத்துக்கு எல்லை வகுப்பது இந்த இரண்டாவது பசைதான்.

நீரின் கணக்கு

மேல்மடலில் 200 மில்லிமீட்டர் நீளமும் 12 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பசைப்பட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த பின் சதுர மீட்டருக்கு 18 கிராம் பசை நிற்க வேண்டும் என்று வைத்தால், ஓர் உறைக்கு ஏறத்தாழ 0.043 கிராம் உலர்பசை தேவைப்படும். தொட்டியில் உள்ள பசையில் திடப்பொருள் 50 சதவீதமானால் அதே அளவு நீரும் உடன் வரும்; நிமிடத்துக்கு 300 உறைகள், அதாவது மணிக்கு 18,000 உறைகள் ஓடும்போது அது மணிக்குச் சுமார் 780 கிராம் நீராகிறது. திடப்பொருளை 60 சதவீதமாக உயர்த்தினால், அதே உலர்பசைக்கு வரும் நீர் சுமார் 520 கிராமாக இறங்குகிறது. ஹீட்டரையோ ஃபேனையோ தொடாமலே, உலர்த்தியின் சுமையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. இதைவிடச் செலவு குறைந்த சீர்திருத்தம் இந்த இயந்திரத்தில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

திடப்பொருளை உயர்த்தினால் பசை கெட்டியாகி ரோலரில் நூல் நூலாக இழுபடும் என்ற தயக்கம் நியாயமானதே. அதற்காக நீர் ஊற்றி இளக்குவதைவிட, குறைந்த பாகுநிலையுடைய, அதாவது எளிதில் ஓடும் டெக்ஸ்ட்ரின் வகையைத் தேர்ந்தெடுப்பதும், தொட்டியை ஒரே சீரான இளஞ்சூட்டில் வைப்பதும் மேலானவை. வேலை நடக்கும் நேரம் முழுவதும் திறந்த தொட்டியிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், காலையில் சரியாக இருந்த பசை பிற்பகலில் தடித்துப்போகிறது; அப்போது கண்மதிப்பில் ஒரு குவளை நீரை ஊற்றுவதே பல கோளாறுகளுக்குத் தொடக்கம். தொட்டிக்கு மூடி போடுங்கள். அடித்துளை வழியே பசை வடியும் நேரத்தைக் காட்டும் பாய்வுக் குவளையால் பாகுநிலையையும், கையடக்க ஒளிவிலகல்மானியால் திடப்பொருளையும் மணிக்கு ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். நீர் சேர்க்க வேண்டியிருந்தால் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்குங்கள். நுரைக்குமிழி உடைந்த இடத்தில் பசை இல்லாத ஓட்டை விழும் என்பதால், மறுசுழற்சிக் குழாயின் வாய் எப்போதும் பசை மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.

அடுத்ததாகக் கவனிக்க வேண்டியது பசைப்படலத்தின் சீர்மை. பட்டையின் நடுப்பகுதி காய்ந்தும் விளிம்பில் தடித்த கோடு ஈரமாகவே நிற்பதைப் பலமுறை காணலாம். பூசும் ரப்பர்த் துண்டின் விளிம்பு தேய்ந்து உருண்டிருந்தாலோ, அது தாளை அளவுக்கு மீறி அழுத்தினாலோ, பசை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு அங்கே குவிகிறது. உலர்த்தும் நேரத்தைத் தீர்மானிப்பது மிகத் தடித்த அந்தக் கோடுதான். ரப்பரை மாற்றி, தாளை இலேசாகத் தொடும் அளவுக்கு அழுத்தத்தைத் தளர்த்தி, மிகுதிப் பசையை வழித்தெடுக்கும் டாக்டர் பிளேடுக்கும் ரோலருக்கும் உள்ள இடைவெளியை நீளம் முழுவதும் ஃபீலர் கேஜ் என்னும் அளவுத் தகடு கொண்டு ஒரே அளவாக்கினால், உலர்த்தியை மாற்றாமலே வேகத்தைக் கூட்ட இடம் கிடைக்கும்.

உலர்த்தும் காற்று

மேலே கண்ட 780 கிராம் நீரை ஆவியாக்க, கிலோவுக்குச் சுமார் 2,400 கிலோஜூல் என்ற கணக்கில், அரை கிலோவாட்டுக்குச் சற்றே கூடுதலான வெப்பமே வேண்டும். பல கிலோவாட் ஹீட்டர் பொருத்திய இயந்திரத்திலும் பசை காயாமல் போகிறதென்றால், வெப்பம் பசையைச் சென்றடையவில்லை, அல்லது கிளம்பிய நீராவி அங்கேயே தங்கிவிடுகிறது என்று பொருள். ஈரமான பரப்பின்மேல் நீராவி செறிந்த ஒரு மெல்லிய காற்றுப்படலம் போர்வைபோல் படிந்திருக்கும். மெதுவாக நகரும் சூடான காற்று அந்தப் போர்வையைக் கலைப்பதில்லை. குறுகிய துளைகள் வழியாகப் பசைப்பட்டையின் மேல் நேராகப் பாயும் காற்று கலைத்துவிடுகிறது. ஆகவே, பெட்டி முழுவதையும் சூடாக்கும் பழைய ஏற்பாட்டுக்குப் பதிலாக, மேல்மடல்கள் செல்லும் வழியை ஒட்டி நீண்ட பிளவுவாய்க் குழாய்களைப் பொருத்தி, காற்றை அந்தப் பட்டையின் மேல் மட்டும் செலுத்துங்கள். மடல் படபடத்து அடுத்த உறையைத் தொடாதபடி, காற்று மடலின் அடிப்பகுதியிலிருந்து நுனியை நோக்கிச் சாய்வாக வீசட்டும்.

உலர்த்தும் பாதையை மூன்று பகுதிகளாகப் பிரிப்பது நல்லது. முதல் பகுதியில் காற்று வேகமாகவும் மிதமான சூட்டிலும் இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே கடுஞ்சூடு பட்டால் பசையின் மேற்பரப்பில் ஆடை படிந்து, உள்ளிருக்கும் நீர் சிறைப்படும். அந்த நீர் பின்னர் கொப்புளமாக வெடிக்கும். வெடிக்காவிட்டால், தொட்டுப் பார்க்கும்போது காய்ந்ததாகத் தோன்றிவிட்டு, அடுக்கிய பிறகு மெல்ல வெளியே வந்து உறைகளை ஒட்டவைக்கும். ஹீட்டரைக் கூட்டிய பிறகு ஒட்டுதல் அதிகமாவதற்குக் காரணம் இதுவே. நடுப்பகுதியில் வெப்பத்தைக் கூட்டலாம். கடைசிப் பகுதியில் ஹீட்டரே வேண்டாம். அறையின் காற்றையே வீசி உறையைக் குளிர்விக்க வேண்டும். சூடான டெக்ஸ்ட்ரின் படலம் இளகிய நிலையில் இருப்பதால், அதன் மேல் நூறு உறைகளின் பாரம் ஏறினால் அது ஒட்டாமல் என்ன செய்யும்? குளிர்விக்கும் பகுதியை வீண் நீளம் என்று கருதி அகற்றிவிட்ட இயந்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். மிச்சப்படுத்திய ஒரு மீட்டர் நீளத்துக்காக ஒவ்வொரு கட்டிலும் உறைகளை இழந்துகொண்டிருந்தார்கள்.

ஈரக்காற்றை வெளியேற்றும் வழியும் கணக்குக்கு உட்பட்டதே. ஒரு கிலோ காற்று கூடுதலாக 8 கிராம் நீராவியைச் சுமந்து செல்லும் என்று கொண்டால், மணிக்கு 780 கிராம் நீருக்குச் சுமார் 100 கிலோ காற்று, அதாவது 90 கன மீட்டர் அளவில் வெளியேறினால் போதும். எஞ்சிய காற்றை மீண்டும் சுழலவிடலாம். அதனால் மின்சாரம் மிச்சமாகும். ஆனால் சுழலும் காற்றில் தாள்தூசி சேரும் என்பதால், ஹீட்டருக்கு முன் வடிகட்டி வைத்து அதை நாள்தோறும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஹீட்டர்க் கம்பியில் படியும் தாள்தூசி தீப்பிடிக்கக்கூடியது. ஃபேன் நின்றால் ஹீட்டரும் தானாக அணையும் இணைப்பு இல்லாத உலர்த்தியை ஓட்டவே கூடாது.

செயினும் தங்கும் நேரமும்

இயந்திரத்தால் மடிக்கும் சிக்கல் முன்பே தீர்ந்துவிட்டது. எட்வின் ஹில்லும் வாரன் டெ லா ரூவும் 1845-இல் காப்புரிமை பெற்ற மடிப்பு இயந்திரம், 1851-இல் லண்டனில் நடந்த பெருங்கண்காட்சியில் மக்கள் முன் இயங்கியது. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ரசல் ஹாஸ் 1853-இல் தம் மடிப்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே நகரில் ஜேம்ஸ் கிரீன் அர்னால்டு, இயந்திரமே பசையைத் தடவி, உறைகளை நீண்ட செயினில் ஏற்றி உலரவிடும் முறையை வகுத்தார். மடித்த உறையை உடனே அடுக்காமல், மேல்மடல் திறந்தபடியே ஒரு நீள்வழியில் மெதுவாக நடத்திச் செல்வது என்ற அந்தக் கருத்தின் பயன், உறையை வேகமாக மடித்துவிட்டு நிதானமாக உலர்த்த முடிவதுதான்.

செயினில் உறைகள் 15 மில்லிமீட்டர் இடைவெளியில் நின்றால், நிமிடத்துக்கு 300 உறைகளுக்குச் செயின் நிமிடத்துக்கு 4.5 மீட்டர் நகர வேண்டும். 6 மீட்டர் நீளச் செயினில் ஓர் உறை 80 விநாடி தங்கும். இடைவெளியை 10 மில்லிமீட்டராகக் குறைத்தால் தங்கும் நேரம் 120 விநாடியாகிறது. கணக்கில் இது கவர்ச்சியாகத் தெரிந்தாலும், மடல்கள் நெருங்கி நிற்பதால் காற்று நுழையாமல், கிடைத்த நேரம் வீணாகக்கூடும். பிளவுவாய்க் குழாயிலிருந்து வரும் காற்று மறுபுறம் வெளிவருகிறதா என்று ஒரு நூலிழையைப் பிடித்துப் பார்த்து, அது அசையும் அளவுக்கு மட்டுமே இடைவெளியைக் குறையுங்கள். செயின் தொய்ந்திருந்தால் உறைகள் சாய்ந்து ஒன்றின் மேல் ஒன்று விழும். இழுப்பை வாரந்தோறும் சரிபார்க்க வேண்டும். எண்ணெயை மிகச் சிறிதளவே இடுங்கள். எண்ணெய் பட்ட மடலில் பசை பிடிக்காது.

மடிப்பு

வெட்டிய தாளை மடிப்புப் பெட்டிக்குள் பிளஞ்சர் தள்ள, மடல்களை மடிக்கும் இறக்கைகள் ஒவ்வொன்றாக மூடும் வகையானாலும், ரோலர்களுக்கு இடையே ஓடிக்கொண்டே மடியும் வகையானாலும், நல்ல மடிப்புக்கு அடிப்படை மடிய வேண்டிய இடத்தில் முன்கூட்டியே அழுத்தி இடும் கிரீஸிங் கோடுதான். கோடு ஆழமின்றி இருந்தால் தாள் தனக்கு விருப்பமான இடத்தில் மடியும். அளவுக்கு மீறி ஆழமாக இருந்தால் மடிப்பில் இழைகள் அறுந்து, உறை அந்த இடத்திலேயே கிழியும். தாளின் தடிமன் மாறும்போதெல்லாம் கோட்டின் ஆழத்தையும் மாற்றியாக வேண்டும். வழக்கமான உறையில் பக்க மடல்கள் முதலிலும், பசை தடவிய அடிமடல் அவற்றின் மேலும் மூட வேண்டும். இறக்கைகளை அசைக்கும் சுழல்தகடான கேம் தேய்ந்து அவற்றின் நேரம் பிசகினால், மடல்களின் முனைகள் மோதி மடங்கும்.

கோணலாக மடியும் உறைகளுக்குக் காரணத்தை மடிப்புப் பெட்டியில் தேடுவதற்கு முன், தாள் ஊட்டும் இடத்தைப் பாருங்கள். தாளை உறிஞ்சித் தூக்கும் இரண்டு சக்கர்களில் ஒன்றின் ரப்பர் கிழிந்திருந்தால் தாள் ஒரு பக்கமாகவே கிளம்பும். உறையை மூலைக்கு மூலை இரண்டு திசையிலும் அளந்து, வேறுபாடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போனால் அங்கிருந்து தொடங்குங்கள். ஒட்டும் பசை விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். விளிம்புவரை வந்தால் அழுத்தும்போது உறைக்குள் கசிந்து, உள்ளே வைக்கும் கடிதத்தையே பிடித்துக்கொள்ளும்.

மேல்மடல் பசைப்பக்கமாகச் சுருண்டு வருவது தனிச் சிக்கல். உலரும் பசைப்படலம் சுருங்கித் தாளைத் தன் பக்கம் இழுக்கிறது. தாளின் இழையோட்டம் பசைப்பட்டைக்கு எத்திசையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுருளும் அளவு மாறும். ஆதலால் டை என்னும் வெட்டச்சால் தாளை வெட்டும்போதே இழைத்திசையை முடிவுசெய்து, எல்லாக் கட்டுகளுக்கும் அதையே கடைப்பிடியுங்கள். உலர்ந்த மடலைக் கூர்முனையுள்ள ஒரு சட்டத்தின் மேல் வளைத்து இழுத்தால், பசைப்படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் விழுந்து இழுவிசை தளரும். தபால்தலைத் தாள்கள் சுருளாமலிருக்கவும் இவ்வாறு பசையை உடைப்பதுண்டு. அறையின் ஈரப்பதத்தை ஆண்டு முழுவதும் 50 முதல் 55 சதவீதத்தில் நிறுத்த முடிந்தால் சுருளலும் ஒட்டுதலும் ஒருசேரக் குறையும். பசை உடையாதிருக்கச் சேர்க்கும் கிளிசரின் ஈரத்தை ஈர்ப்பதால், மழைக்காலத்தில் அதன் அளவைக் குறைப்பதும் அவசியம்.

இவற்றில் ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே செய்து, மாற்றிய பின் குறைந்தது ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்த ஓட்டத்திலிருந்து ஐம்பது உறைகளை எடுத்து, வழக்கமான கட்டின் பாரத்தை மேலே வைத்து, ஈரப்பதம் மிகுந்த மூடிய பெட்டியில் ஓர் இரவு விடுங்கள். மறுநாள் எதுவும் ஒட்டாமல் பிரிந்தால், அவற்றில் பத்தை எடுத்து மடலை நனைத்து மூடி, சில நிமிடம் கழித்து இழுத்துப் பாருங்கள். பசை விடாமல் தாளின் இழையே கிழிய வேண்டும். இரண்டு சோதனைகளிலும் தேறிய பிறகே வேகத்தை நிமிடத்துக்கு இருபது உறைகள் என்ற அளவில் கூட்டி, அடுத்த ஐம்பது உறைகளைப் பெட்டியில் வையுங்கள்.