ஒட்சிசன் அளவு குறைந்தால்: தாதியருக்கு

பிறந்த பிள்ளையின் பிறவி இருதயக் குறையைக் கண்டுபிடிக்கச் சென்சர் வைத்து ஒட்சிசன் அளவு எடுக்கும் சோதனை இது. எடுக்கும் இடம்: வலது கை, ஏதாவதொரு கால். இடது கை வேண்டாம். நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைக்கும், பிறந்தபின் மூட வேண்டிய குழாய் மூடாத பிள்ளையில் அது குழப்பும். எதிலாவது 90 வீதத்துக்குக் கீழே என்றால் மணிக்கூட்டைப் பார்க்காமல் உடனே குழந்தை வைத்தியரைக் கூப்பிடுங்கள். இரண்டிலும் 90–94, அல்லது வித்தியாசம் 3 வீதத்துக்கு மேல் என்றால் ஒரு மணித்தியாலத்தில் மறுபடி.

மறுபடி எடுக்குமுன் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்திருந்தால் போர்த்திச் சூடாக்குங்கள். சென்சரின் விளக்கும் எதிர்ப்பக்கமும் நேருக்கு நேர் இருக்க வேணும். பிள்ளை அழுதால் எண் பொய் சொல்லும்.

மறுபடியும் குறைவென்றால் எக்கோ (இருதய ஸ்கான்). நியூமோனியாவும் கிருமித்தொற்றும்கூட இப்படிக் காட்டும், தாயிடம் அதையும் சொல்லுங்கள்.

சோதனை சரியாக வந்தாலும் பெருநாடிச் சுருக்கம் (உடலுக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாடி ஒடுங்கியிருப்பது) தப்பிவிடலாம். வீட்டில் பால் குடிக்கையில் வியர்த்துக் களைத்தால், நாக்கு நீலித்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடத் தாயிடம் சொல்லுங்கள்.

யாழ் போதனா வைத்தியசாலை.