யாருக்கு வாய்ப்பே இல்லை? கள ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புள்ளியியல் புராஜெக்ட் என்றதும் மாணவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பேரிடம் கேட்டால் போதும் சார்?" என்பதைத்தான். யாரிடமெல்லாம் நம் கேள்வித்தாள் போய்ச் சேரவே வாய்ப்பில்லை என்று யாரும் கேட்பதில்லை. ஆய்வு பெரும்பாலும் அங்கேதான் கெடுகிறது. திருநெல்வேலிப் பக்கத்து நெல் விவசாயிகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்வதாக வைத்துக்கொள்வோம்.

தலைப்பிலேயே முதல் சிக்கல் வந்துவிடும். 'திருநெல்வேலி மாவட்ட விவசாயிகள்' என்றால் எந்தத் திருநெல்வேலி? 2019-இல் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கிராமப் பட்டியலை அப்படியே எடுத்தால் சங்கரன்கோவில், செங்கோட்டைப் பக்கத்து ஊர்களும் உள்ளே வந்துவிடும். சரி, பட்டா வைத்திருப்பவர்கள் பட்டியலை எடுக்கலாமே என்றால், அதில் வேறு வம்பு. பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும், அல்லது சென்னையில் இருக்கும் மகன் பெயரில் இருக்கும். வயலில் இறங்கிப் பயிரிடும் குத்தகைக்காரர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். பட்டியலில் இல்லாதவர் மாதிரியில், அதாவது நாம் கேட்கத் தேர்ந்தெடுப்பவர்களில், வரவே முடியாது. அதனால் ஊருக்குப் போய், யார் யார் பயிரிடுகிறார்கள் என்று விசாரித்துப் புதுப் பட்டியல் போடுவது வேலை அதிகம்தான், ஆனால் அந்த வேலைக்கு மாற்று இல்லை.

கூகுள் ஃபார்மை வாட்ஸாப் குழுக்களில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பதும் இதே தவறின் சோம்பேறி வடிவம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்பு வாக்குச்சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கியது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னது. அவரை எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் இரண்டே மாநிலங்களைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஜெயித்தார். முகவரிகளைப் பெரும்பாலும் டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து எடுத்ததும், சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் கால்வாசிப் பேர்தான் என்பதும் சேர்ந்து அதைக் கவிழ்த்தன.

'மொத்தத்தில் 10 சதவீதம் எடுக்க வேண்டும்' என்ற நம்பிக்கையையும் விட்டுவிடலாம். எல்லோருக்கும் ஒரே வாய்ப்பு இருக்கும்படி குலுக்கி எடுக்கும் சமவாய்ப்பு முறையில் 400 பேரை எடுத்தால் பிழை எல்லை, அதாவது நம் விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளிகள். அந்த 400 பேர் ஒரு மாவட்டத்திலிருந்து வந்தாலும் முழு இந்தியாவிலிருந்து வந்தாலும் அதேதான். பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு, அதாவது 1,600 பேர் வேண்டும். மொத்தமே சில நூறு பேர் உள்ள ஒரு கல்லூரிக்குள் ஆய்வு என்றால் மட்டும் கணக்கு மாறும்.

அப்புறம், போகிற வழியில் கண்ணில் பட்டவரிடம் கேட்பது சமவாய்ப்பு ஆகாது. காலை ஏழு மணிக்கு டீக்கடையில் கேட்டால் கிடைப்பது ஆண்களின் கருத்து. நடவிலும் களையெடுப்பிலும் கிடக்கும் பெண்கள் அங்கே வருவதில்லை. நெல் விளைச்சலை மதிப்பிட நடக்கும் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பாருங்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் துண்டை வயலில் எங்கே அளப்பது என்பதைச் சமவாய்ப்பு எண்கள்தான் தீர்மானிக்கும். அளப்பவர் கையில் விட்டால் கதிர் செழித்த இடத்துக்குக் கால் போகும். இன்சூரன்ஸ் விஷயம் என்றால் கருகிய மூலைக்கு யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள்.

சீரான இடைவெளியில் எடுப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஏழு நாளுக்கு ஒரு நாள் என்று மேலப்பாளையத்தில் பஸ் கூட்டத்தை எண்ணப் போனால், முதல் நாள் அங்கே சந்தை கூடும் செவ்வாயாக அமைந்துவிட்டால் கடைசிவரை சந்தைக் கூட்டத்தையே எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

அடுக்கு முறையையும் கொத்து முறையையும் குழப்புவதுதான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் அதிகம் பார்ப்பது. அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றுக்கால் பாசனம், நாங்குநேரி பக்கம் குளமும் கிணறும், ராதாபுரம் வறண்ட பூமி. இவற்றைத் தனித்தனி அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சிலரை எடுத்தால் அது அடுக்கு முறை. எந்த அடுக்கும் விட்டுப்போகாது. (மூன்றிலும் ஐம்பது ஐம்பது பேர் எடுத்துவிட்டு நேரே சராசரி போடாதீர்கள். விவசாயிகள் எங்கே அதிகமோ அங்கே அதற்கேற்ற எடை கொடுக்க வேண்டும்.) சில ஊர்களை மட்டும் குலுக்கி எடுத்து, அந்த ஊர்களுக்குள் மட்டும் கேட்டால் கொத்து முறை. அலைச்சலும் செலவும் குறையும், ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒரே மடையில் தண்ணீர் வாங்கும் இருபது பேர் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். ஊருக்கு 20 பேர் வீதம் 20 ஊர்களில் 400 பேரைக் கேட்டிருக்கிறீர்கள், ஓர் ஊருக்குள் பதில்கள் ஒத்துப்போகும் அளவு 0.1 என்று வைப்போம் (எல்லோரும் ஒரே பதில் சொன்னால் அது 1). ஊருக்கு 20 பேரில் ஒருவரைக் கழித்து 19 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 1 + 19 × 0.1 = 2.9. 400-ஐ இதால் வகுத்தால் சுமார் 138. அவ்வளவு பேரைச் சமவாய்ப்பில் தனித்தனியாகக் கேட்ட துல்லியம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்வியின் வாசகத்தையும் கவனிக்க வேண்டும். "போன வருஷம் எவ்வளவு விளைஞ்சுது?" என்றால் எந்த நெல் பருவம், கார் சாகுபடியா, பிசானமா? இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். வயதானவர்கள் நிலத்தை, அதற்கு வேண்டிய விதையின் அளவை வைத்து, 'இத்தனை மரக்கால் விதைப்பாடு' என்பார்கள். அதை நீங்களே மனக்கணக்கில் ஏக்கராக்கி எழுதாமல், சொன்னபடியே குறித்துக்கொண்டு பிறகு பட்டாவோடு ஒப்பிடுங்கள். "கால்வாயில் தண்ணீர் சரியாக விடாததால் எவ்வளவு நஷ்டம்?" என்ற கேள்வி பதிலையும் தானே சொல்லிக்கொடுத்துவிடுகிறது. யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் முக்கியம். பீடி சுற்றும் பெண்ணிடம், பீடிக் கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போது, சரியில்லை என்று எத்தனை பீடியைக் கழிக்கிறார்கள் என்று கேட்டால் உண்மை வராது.

வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் கேட்டுவிடுவது எல்லோரும் செய்வது. பகலில் பூட்டிக் கிடப்பது வேலைக்குப் போனவர்களின் வீடு. அடுத்த வீட்டில் இருப்பவர் அவருக்கு ஈடாக மாட்டார். சாயங்காலம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை போய்ப் பாருங்கள். அப்படியும் கிடைக்காதவர்களையும், பதில் சொல்ல மறுத்தவர்களையும் அறிக்கையில் எண்ணோடு எழுதுங்கள். மதிப்பெண் குறைந்துவிடும் என்று பலரும் இதை மறைக்கிறார்கள். 400 பேரைத் தேடிப் போய் 400 பேரும் பதில் சொன்னதாக எழுதியிருந்தால்தான், நிரப்பிய தாள்களில் எத்தனை ஒரே கையெழுத்தில் இருக்கின்றன என்று நான் புரட்டிப் பார்ப்பேன்.