பாறையையும் லைக்கனையும் கிட்டப்போய்ப் படமெடுக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பாறைமேல் ஆரஞ்சும் சாம்பலுமாய்ப் படர்ந்த லைக்கனை (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்) பார்த்ததும் குனிந்து ஒரு கிளிக். அப்புறம் திரையில் பார்த்தால், கண்ணால் கண்டதில் பாதிகூட இருக்காது. கேமராவில் குறை இருப்பது அபூர்வம். பாறையைத் தட்டையான சுவர்போல நினைத்து எடுப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

எனக்கு அதிகம் கண்ணில் படுவது ஃபோகஸ் தவறு. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு லைக்கனைப் படச்சட்டம் நிறைய எடுக்கும்போது, தெளிவாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலே ஒரு மூலை கூர்மையாகவும் எதிர்மூலை மங்கலாகவும் வரும். சரி, அந்த ஆழத்தைக் கூட்ட லென்ஸின் துளையை எஃப்/22 வரை சிறிதாக்கிவிட்டால்? துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறி, படம் முழுக்க மசமசவென்று ஆகிவிடும். எஃப்/8, எஃப்/11 அளவில் நிறுத்திக்கொண்டு, கேமராவின் முதுகைப் பாறைக்கு இணையாக வையுங்கள். போதவில்லையென்றால் ஃபோகஸைத் துளித்துளியாய் நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கலாம். கேமரா அசையாமலிருக்க டிரைபாடும் (முக்காலித் தாங்கி) 2 நொடி டைமரும் கட்டாயம்.

அந்த டிரைபாடின் காலை எங்கே ஊன்றுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பாறையோடு ஒட்டி வளரும் லைக்கன்களில் பல, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராதவை. கையகலத் திட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகியிருக்கலாம். சட்டத்துக்குள் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை நகத்தால் சுரண்டுவதைப் பார்த்தால் மனசு பதறுகிறது. உதிர்ந்த சருகை எடுத்துவிடுங்கள், அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம்.

நல்ல வெயில் இருந்தால் நல்ல படம் வரும் என்பதும் தப்புக்கணக்கு. உச்சி வெயிலில் வெளிர் லைக்கன் வெளுத்துப்போகும், விரிசலெல்லாம் கறுத்துப்போகும். நிறம் வேண்டுமென்றால் மேகமூட்டம் நல்லது. சொரசொரப்பு வேண்டுமென்றால் காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் பாறையைத் தடவிப் போகும் நேரம் பாருங்கள். நேராக அடிக்கும் ஃபிளாஷ் மேடுபள்ளத்தையெல்லாம் அழித்துவிடும். தெளிந்த வானத்தின் கீழ் நிழலில் எடுத்தால் சாம்பல் பாறை நீலம் பூசிக்கொள்ளும், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ‘நிழல்’ அமைப்புக்கு மாற்றுங்கள்.

மழை விட்டதும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். லைக்கன் பூஞ்சையும் பாசியும் சேர்ந்தது அல்லவா? நனைந்ததும் பூஞ்சையின் மேல்தோல் ஒளி புகும்படி ஆகி, உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரியும். காய்ந்து சாம்பலாய்க் கிடந்தது கண்ணெதிரே பச்சையாகும்! ஆனால் ஈரப் பாறை பளபளக்கும், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் அந்த நிறத்தை வெள்ளைப் பளபளப்பு மூடிவிடும்.

சட்டத்தின் ஓரங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். மூலையில் பாதி அறுந்த ஆரஞ்சு வட்டம் ஒன்று இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். முழுதாக உள்ளே கொண்டுவாருங்கள், இல்லையென்றால் வெளியே தள்ளுங்கள்.

இன்னொன்று, படத்தைத் தலைகீழாகத் திருப்பும்போது கவனம் வேண்டும். ஒளி மேலிருந்து வருவதாகவே மூளை எடுத்துக்கொள்ளும். கீழிருந்து விழுவதுபோல் ஆகிவிட்டால் பாறையின் குழி புடைப்பாகவும் புடைப்பு குழியாகவும் தெரியும். அப்படிக் குழம்பினால் படத்தைத் திருப்பி, வெளிச்சம் விழும் பக்கத்தை மேலே கொண்டுவந்தால் போதும், குழி மறுபடி குழியாகிவிடும்.