செடி பீன்ஸ்: பறிக்கும் முன் விதைக்கு ஒதுக்குங்கள்

பாரம்பரிய ரகச் செடி பீன்ஸ் போட்டிருக்கிறேன் என்று யாராவது சொன்னால், விதைக்கு எந்தச் செடியை விட்டிருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பலரும் ஆசை தீரப் பறித்துவிட்டு, செடி ஓய்ந்தபின் மிஞ்சிய முற்றல் காய்களை விதைக்கு எடுக்கிறார்கள். அவை கடைசியாகக் காய்த்தவை, நோயில் அடிபட்டவை. நல்ல ரகம் ஒன்று கைக்கு வந்தால், அதன் முதல் காய்கள் விதைக்குத்தான் போக வேண்டும்.

மற்றபடி இது வளர்க்க எளிய பயிர். முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும், பந்தல் வேண்டாம். மண் 16 டிகிரி செல்சியஸாவது சூடேறிய பிறகு ஊன்றுங்கள். குளிர்ந்த ஈர மண்ணில் விதை அழுகிவிடும். 3 செ.மீ. ஆழம், செடிக்குச் செடி 10 முதல் 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 45 செ.மீ. போதும். விதையை இரவெல்லாம் ஊறவைக்காதீர்கள், தோல் வெடித்துப் பருப்பு பிளந்துபோகும். நாற்றுவிட்டுப் பிடுங்கி நடுவதும் வேண்டாம், வேர் அசைவதை இந்தச் செடி விரும்பாது. வெதுவெதுப்பான மண்ணில் ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும்.

மட்கிய தொழு உரம் கலந்த மண்ணே போதுமானது. வேர் முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தரும். அதற்கு மேல் தழைச்சத்து உரம் போட்டால் இலைதான் கொழுக்கும், காய் குறையும். வேர் மேலாகவே ஓடுவதால் களையைக் கொத்தாமல் கையால் பிடுங்கி, மூடாக்கு போடுங்கள். தண்ணீரை இலையில் படாமல் செடியின் அடியில் விடுங்கள். பூக்கும் சமயத்தில் மண் காயக்கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், வெயில் தணிந்தால் மறுபடி பூக்கும்.

இலை ஈரமாக இருக்கும்போது செடியைத் தொடாதீர்கள். துரு நோயும் பாக்டீரியாக் கருகலும் ஈரக் கையோடு செடிவிட்டுச் செடி போகும். பனி காய்ந்த பிறகே பறிக்கப் போவேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் பிஞ்சுகள் தெரியும்போதே, நோயில்லாமல், சீக்கிரம் காய்த்து, ரகத்தின் குணம் மாறாமல் நிற்கும் செடிகளில் நூல் கட்டிவிடுங்கள். அவற்றில் ஒரு காய்கூடச் சமையலுக்கு வேண்டாம். ஒரே செடியோடு நிறுத்தாமல் பல செடிகளிலிருந்து விதை எடுங்கள். பீன்ஸ் பூ பெரும்பாலும் விரியும் முன்பே தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்டுவிடும், அதனால் ரகம் கலக்கும் பயம் குறைவு. இரண்டு ரகம் வைத்திருந்தால் சில மீட்டர் இடைவெளி விடுங்கள்.

மற்ற செடிகளில் தாராளமாகப் பறிக்கலாம். பெரும்பாலான ரகங்கள் விதைத்த 50 முதல் 60 நாளில் காய்ப்புக்கு வரும். உள்ளே பருப்பு புடைக்கும் முன், ஒடித்தால் பட்டென்று முறியும் பதத்தில், ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காயைக் கிள்ளுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறித்தால் செடி பூத்துக்கொண்டே இருக்கும். காய் முற்றத் தொடங்கினால் செடி பூப்பதை நிறுத்தும். நெதர்லாந்து ரகமான டிராகன் டங் எனக்குப் பிடித்தது: வெளிர்மஞ்சள் காயில் ஊதாக் கோடுகள். வெந்ததும் கோடு மறைந்துவிடும், அது இயல்புதான்.

நூல் கட்டிய செடிகளில் காய் காய்ந்து பழுப்பாகி, ஆட்டினால் கலகலக்கும் வரை விடுங்கள். மழை வருகிறது என்றால் செடியோடு பிடுங்கி, காற்றோட்டமான கூரையடியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அப்புறம் உரித்து, சுருங்கியதையும் புள்ளி விழுந்ததையும் கழித்து, நிழலில் காயவையுங்கள். ஒரு விதையைச் சுத்தியலால் தட்டினால் தூளாக உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த விதையைக் காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் வண்டு முட்டையோடு சாகும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள், ஈரம் படியும்.

மிஞ்சிய விதையை ஊறவைத்துச் சமைக்கலாம். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் மெத்தென்று ஆகும்வரை வேகவையுங்கள். வேகாத விதையில் நச்சு உண்டு, அரைவேக்காட்டில் அது போகாது.

உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் விதை மூன்று நான்கு வருஷம் தாங்கும். பழைய விதையை ஊன்றும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிவையுங்கள். ஏழுக்கும் குறைவாக முளைத்தால், குழிக்கு இரண்டாகப் போடுங்கள்.