யூத டே ஸ்கூலில் புது வருஷம்: வகுப்பை எப்படித் தொடங்குவது?

அமெரிக்காவில் யூத டே ஸ்கூல் என்றால் நாளில் ஒரு பகுதி எபிரேயம், தோரா என்கிற யூத வேதம், பிரார்த்தனை. மீதி நேரம் மற்ற பள்ளிகளைப் போலவே கணக்கு, அறிவியல், ஆங்கிலம். இந்த இரண்டாவது பகுதிக்குப் பாடம் எடுப்பவர்களில் யூதர் அல்லாதவர்கள் பலர், நம்மவர்களும் உண்டு. புதிதாகச் சேருகிறவர்கள் பாடத்திட்டத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அதைவிட முக்கியமானது இது: இந்தப் பள்ளி எந்த விழுமியங்களைச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறது, அது உங்கள் வகுப்பில் எங்கே தெரியும்? பெற்றோர் இவ்வளவு பணம் கட்டி இங்கே அனுப்புவதே அதற்காகத்தான்.

முதல் வேலை, யூத காலண்டரையும் பள்ளிக் காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-ல் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா செப்டம்பர் 23, 24, பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் அக்டோபர் 2, கூடாரப் பண்டிகையான சுக்கோத் அக்டோபர் 7-ல் தொடங்கி, தோராவைக் கொண்டாடும் சிம்ஹத் தோராவோடு அக்டோபர் 15-ல் முடிந்தது. முக்கிய நாட்கள் எல்லாமே வாரநாட்கள், அதனால் அந்த மூன்று வாரமும் துண்டு துண்டாகத்தான் பள்ளி நடந்தது. 2026-ல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, 13, அதாவது சனி, ஞாயிறு. யோம் கிப்பூர் மட்டும் 21, திங்கட்கிழமை. லீவு குறைவு என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், ஏனென்றால் அந்த வருஷம் லேபர் டே என்கிற தொழிலாளர் தின விடுமுறை செப்டம்பர் 7. அதற்குப் பிறகு திறக்கும் பள்ளிகளுக்குப் பண்டிகைக்கு முன்னால் நான்கு நாள் முழுசாகக்கூடக் கிடைக்காது. பண்டிகை முந்தைய நாள் சூரிய அஸ்தமனத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் அந்த வெள்ளிக்கிழமையை நம்ப முடியாது.

இந்த வாரங்களில் பெரிய பாடம் எதையும் தொடங்காதீர்கள். தொடங்கினால் நடுவில் அறுந்துபோகும், திரும்பி வந்து முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச இதைவிட நல்ல காலம் கிடையாது. ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய மாதம் எலுல். போன வருஷம் நான் எப்படி நடந்துகொண்டேன், யாரை நோகடித்தேன் என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் மாதம் அது. சப்பாத் (வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையான ஓய்வுநாள்), ரோஷ் ஹஷானாவுக்கு முந்தைய நாள் ஆகியவை தவிர மற்ற நாட்களில் காலைப் பிரார்த்தனையில் ஷோஃபார் என்கிற ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். அதைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் உங்கள் கணக்கு வகுப்புக்கு வருகிறார்கள், அந்த மனநிலையை வீணாக்கக் கூடாது.

அடுத்தது, யூதப் பாடம் எடுக்கும் ஆசிரியரோடு பள்ளி திறப்பதற்கு முன்பே ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். பள்ளிச் சுவரில் ஏற்கெனவே நாலைந்து சொற்கள் எழுதியிருக்கும்: கவோத் என்கிற மரியாதை, ஹெசெத் என்கிற அன்புச் செயல், கெஹிலா என்கிற சமூகம், இப்படி. அதில் மூன்றை மட்டும் இரண்டு பேருமாகத் தேர்ந்தெடுங்கள். அவர் காலையில் கவோத் என்று சொல்லி, மத்தியானம் நீங்கள் அதையே ‘வகுப்பு விதிமுறை நம்பர் 4’ என்று சொன்னால், பிள்ளைகளுக்கு அது மதப் பாடத்துக்கு மட்டும் உரிய சமாச்சாரமாகிவிடும். நீங்களும் அதே சொல்லைச் சொல்லுங்கள். உச்சரிப்பு தடுமாறினால் பிள்ளைகளே சந்தோஷமாகத் திருத்துவார்கள்.

சரி, இனி வகுப்பு உடன்படிக்கை. பல பள்ளிகளில் இதை ப்ரித் என்பார்கள். ஒரு சார்ட்டில் நீங்களே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கினால் அது அக்டோபர் வரைகூடத் தாங்காது. பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஹெவ்ரூத்தா என்று ஜோடியாகப் படிப்பது அவர்களுக்குப் பழக்கமான முறைதான். ஒவ்வொரு ஜோடிக்கும் மிஷ்னா என்கிற பழைய யூதச் சட்டத் தொகுப்பில் உள்ள பிர்கே அவோத் என்ற பகுதியிலிருந்து ஒரே ஒரு வரி கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது ஹில்லெல் என்ற பழங்கால யூத அறிஞர் சொன்னது: வெட்கப்படுகிறவன் கற்றுக்கொள்ள மாட்டான், பொறுமையில்லாதவன் கற்றுக்கொடுக்க மாட்டான். முதல் பாதியை வைத்து, நம் வகுப்பில் கேள்வி கேட்க யாருக்காவது எப்போது வெட்கம் வரும் என்று கேளுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பட்டென்று சொல்வார்கள்: தப்பாகப் பதில் சொன்னால் பின்பெஞ்சில் கிசுகிசு கேட்கும், ‘இதுகூடத் தெரியாதா’ என்று ஒருவன் முனகுவான், எல்லாரும் முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்கும்போது. அந்தப் பென்சில் சத்தத்தைப் பிள்ளைகள் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அப்புறம் அதையே ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள்: ‘முடித்தவர்கள் சத்தம் போடாமல் தாளைத் திருப்பி வைப்போம்.’ கவோத் என்று பெரிதாக எழுதி வைப்பதைவிட இந்த வரிக்குத்தான் பலன் அதிகம்.

இரண்டாம் பாதி உங்களுக்கு. ஆசிரியர் பொறுமை இழந்தால் எப்படித் தெரியும் என்று பிள்ளைகளிடமே கேட்டு, அதற்கும் ஒரு வரி எழுதி, அதன் கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். இதைத் தவிர்க்கும் ஆசிரியர்கள் உண்டு, அதிகாரம் போய்விடும் என்ற பயம். அப்படி ஒன்றும் போகாது, மதிப்பு கூடத்தான் செய்யும். மொத்தம் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய இன்னொன்று: வாசலில் நிற்கும் பாதுகாவலர், சமையலறையில் இருப்பவர்கள், துப்புரவு செய்பவர்கள் எல்லாருடைய பெயரையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். இந்தப் பள்ளிகளில் பாதுகாவலர் இல்லாத வாசலைப் பார்ப்பது கஷ்டம். தினமும் தங்களைக் காக்கிற மனிதரைப் பெயர் சொல்லி வணங்காமல் உள்ளே ஓடுகிற பிள்ளைக்குக் கவோத் பற்றி வகுப்பெடுத்துப் பயனில்லை.

இப்போது சிக்கலான இடம். ஒரே வகுப்பில் இருக்கும் குடும்பங்கள் ஒரே மாதிரி இருக்காது, முக்கியமாக எல்லாப் பிரிவினரும் சேர்ந்து நடத்தும் பள்ளிகளில். சப்பாத் அன்று காரே எடுக்காத வீடு ஒன்று, அன்றைக்குத்தான் கால்பந்து மேட்சுக்குப் போகும் வீடு ஒன்று, அப்பா அம்மாவில் ஒருவர் யூதர் அல்லாத வீடு ஒன்று, இஸ்ரேலிலிருந்து போன வருஷம் வந்த வீடு ஒன்று. விழுமியம் பொது, அனுசரிப்பு வீட்டுக்கு வீடு வேறு. இது உடைவது பெரும்பாலும் பிறந்தநாள் பார்ட்டியில். சனிக்கிழமை மத்தியானம், கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) அல்லாத பீட்சா கடையில் பார்ட்டி வைத்தால், வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள் போகவே முடியாது, திங்கட்கிழமை அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் முதல் கடிதத்திலேயே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: பார்ட்டி சனிக்கிழமை வேண்டாம், எல்லாரும் சாப்பிடக்கூடிய உணவு இருக்கட்டும், முழு வகுப்பையும் கூப்பிடாவிட்டால் அழைப்பை வகுப்பில் கொடுக்க வேண்டாம். பள்ளியிலேயே இப்படி ஒரு விதி இருந்தால் அதை எடுத்துச் சொன்னால் போதும்.

யார் சரியான யூதர் என்ற பேச்சு பிள்ளைகளிடையே வரும். நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகாதீர்கள். மிஷ்னாவை விவாதிக்கும் பெரிய நூலான தால்முதில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: ஹில்லெல் மரபினரும், அவர் காலத்து இன்னோர் அறிஞரான ஷம்மாயின் மரபினரும் மூன்று வருஷம் வாதாடினார்கள், இரண்டும் கடவுளின் வார்த்தையே என்றாலும் சட்டம் ஹில்லெல் பக்கம் போனது, காரணம் அவர்கள் சாந்தமானவர்கள், எதிர்த் தரப்பின் கருத்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்களுடையதைச் சொன்னார்கள். வகுப்பில் எந்தச் சண்டை வந்தாலும் இந்த முறையைக் கையாளலாம்: அவன் என்ன சொன்னான் என்று அவனே ஒப்புக்கொள்ளும்படி நீ சொல், அப்புறம் உன் வாதம்.

சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் செய்த முறுக்கு சைவம்தானே என்று வகுப்புக்கு எடுத்துப் போகாதீர்கள். கோஷர் என்பது பொருளை மட்டும் பார்ப்பதில்லை, சமைத்த பாத்திரத்தையும் சமையலறையையும் சேர்த்துப் பார்க்கிறது. கோஷர் முத்திரையுள்ள பாக்கெட்தான் சரி, அதிலும் எந்த முத்திரை என்று அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். எபிரேயத்தில் கடவுள் பெயர் அச்சிட்ட தாளைக் குப்பையில் போடக் கூடாது, அதற்கென்று தனிப் பெட்டி இருக்கும். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் தேர்வு வைக்காதீர்கள், டிசம்பரில் நியூயார்க் பக்கம் சப்பாத் விளக்கு ஏற்றும் நேரமே மாலை 4.10 வாக்கில் வந்துவிடும், பள்ளி சீக்கிரம் விட்டாக வேண்டும்.

யோம் கிப்பூருக்கு முந்தைய நாட்களில் மன்னிப்புக் கேட்பது வழக்கம். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே நடந்த தவறை, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாமல் யோம் கிப்பூர் போக்காது என்று மிஷ்னா சொல்கிறது. இதை வைத்து வகுப்பு முழுக்க ‘சாரி’ கார்டு செய்ய வைக்கும் பழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். இருபது கார்டில் ஒன்றுகூட யாருக்கும் எதுவும் செய்யாது. பத்து நிமிஷம் அமைதியாகக் கொடுத்து, யாரிடம் பேச வேண்டும் என்று ஒவ்வொருவரும் தனக்குள் முடிவு செய்யட்டும். பேசுவதற்கு இடைவேளையில் ஓர் ஒதுக்குப்புறமான இடத்தைக் காட்டுங்கள். மன்னிக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் நெருக்காதீர்கள். நீங்கள் யாரையாவது எல்லார் முன்னாலும் கடிந்திருந்தால், மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேளுங்கள்.

செதாக்கா என்கிற தான உண்டியல் அநேகமாக எல்லா வகுப்பிலும் இருக்கும், வெள்ளிக்கிழமை காசு போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியக் கூடாது, கட்டணச் சலுகையில் படிக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருப்பார்கள். மத்தியகால யூத அறிஞர் மைமோனிடீஸ் தானத்தை எட்டுப் படிகளாக வரிசைப்படுத்தியிருக்கிறார். உச்சியில் இருப்பது, ஒருவர் தன் காலில் நிற்க வழி செய்வது. பணம் எங்கே போக வேண்டும் என்பதை இந்தப் படிகளை வைத்துப் பிள்ளைகளே விவாதித்து முடிவு செய்யட்டும், சதவீதக் கணக்கையும் அதிலேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.

பெற்றோர் கூட்டத்தில் அந்த ஐந்து வரிச் சார்ட்டைக் காட்டி, இதில் எந்த வரி வீட்டிலும் செல்லும் என்று கேளுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சிம்ஹத் தோரா முடிந்த பிறகுதான் பள்ளி ஒரு நிலைக்கு வரும், பெரிய பாடங்களை அப்போது தொடங்குங்கள். அந்த வாரமே சார்ட்டை மறுபடி படித்து, நடக்காத வரியை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். நடுவருஷத்தில் புதுப் பிள்ளை யாராவது சேர்ந்தால், ஜோடியாக உட்கார்ந்து அந்தச் சார்ட்டைப் படிக்க ஒருவரை அனுப்பி, வேண்டுமானால் ஒரு வரியை மாற்றும் உரிமையையும் கொடுத்து, கையெழுத்து வாங்குங்கள்.