ஆற்றங்கரை நிலமும் படகைக் கட்டி நிறுத்தும் இடமும்: சாலை வசதி குறைந்த மனையை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கடலூர் முதுநகரை ஒட்டி ஓடும் உப்பனாறு, நகரின் நடுவே வரும் கெடிலம், தாழங்குடா அருகே கடலில் சேரும் தென்பெண்ணை, பரங்கிப்பேட்டையின் வெள்ளாறு, தெற்கெல்லையில் கொள்ளிடம் என்று இந்த மாவட்டத்தில் ஆற்றங்கரைக்குக் குறைவே இல்லை. இக்கரைகளில் தென்னையும் வீடு கட்டும் அளவுக்கு மேடும் உள்ள நிலங்கள் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. அவற்றில் பல, தார்ச்சாலையை விட்டு இறங்கி ஒற்றையடிப் பாதையிலோ படகிலோ மட்டும் போய்ச் சேரக்கூடியவை என்பதால் சென்ட் விலை மலிவாக இருக்கும். அந்த மலிவைப் பார்த்து முன்பணம் கொடுத்துக் கைசுட்டுக் கொண்டவர்களில் நானும் ஒருவன். முதன்முறை இப்படி ஒரு நிலத்தைத் தேடுகிறவர்களுக்காக, எந்த வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறேன்.

முதல் படி: எது விற்பனைக்கு உரியது என்பதைப் பிரித்துக்கொள்ளுங்கள்

தரகர் "ஆத்தோட சேர்த்து வாங்கிக்கலாம் சார்" என்று சொல்லக்கூடும். ஆறு யாருக்கும் விற்பனைக்கு இல்லை. ஆற்றுப் படுகையும் கரையும் பெரும்பாலும் ஆற்றுப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கும். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டமே ஆறுகளையும் உயர் ஓத (கடல் நீரேற்ற) மட்டத்துக்குக் கீழுள்ள உப்பங்கழிகளையும் அரசின் சொத்தாகச் சொல்கிறது. எனவே நீங்கள் வாங்குவது பட்டா நிலத்தை மட்டும்தான். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே பத்தடிப் புறம்போக்கு இருந்தால்கூட, அதில் வேலி போடவோ படிக்கட்டு கட்டவோ உங்களுக்கு உரிமை கிடையாது. படகு கட்டும் இடமும் அப்படித்தான். அது அனுமதியால் வருவது, கிரயத்தால் வருவதன்று.

இந்தப் பகுதியின் பெயர்பெற்ற ஆற்றங்கரைக் கிரயம் 1690-இல் நடந்தது. கெடிலக் கரையில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடம் வாங்கியபோது, சுற்று நிலத்தின் எல்லை பீரங்கிக் குண்டு போய் விழுந்த இடம் வரை என்று வகுக்கப்பட்டது. அதனால் அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. நமக்கு எல்லை என்பது புலப்படத்தில் (அரசின் நில அளவை வரைபடத்தில்) மீட்டரில் எழுதப்பட்டுள்ள அளவு. கரையோரத் தென்னை மரத்தையோ விற்பவரின் கை நீட்டலையோ எல்லையாகக் கொள்ளாதீர்கள்.

இரண்டாம் படி: மூன்று முறை போய்ப் பாருங்கள்

ஏப்ரல் மாதத்தில் காட்டப்படும் ஆற்றங்கரை நிலம் எல்லாருக்கும் பிடிக்கும். தரை காய்ந்திருக்கும், காற்று வீசும், வழியெல்லாம் கால் நனையாமல் நடக்கலாம். அதே நிலத்தை ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஒரு முறையும், பௌர்ணமி அல்லது அமாவாசையை ஒட்டி ஓதம் ஏறியிருக்கும் நேரத்தில் ஒரு முறையும், நீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு முறையும் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள்.

போகும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை முதுநகரில் ஒரு வயதான படகுக்காரர் எனக்குக் காட்டிக் கொடுத்தார். "தம்பி, ஆளக் கேக்காத, மரத்தக் கேளு" என்று சொல்லி, படகு கட்டக் கரையில் நட்டிருந்த பழைய பனைமர முளைக்கம்பம் ஒன்றின் அருகே குனிந்தார். முளையின் அடியிலிருந்து என் முழங்கால் உயரம் வரை சிப்பி சொரசொரவென ஒட்டியிருந்தது; அதற்கு மேல் ஒரு சாண் அளவுக்குப் பாசிக் கறை; அதற்கும் மேலே மரம் வெளிறி உலர்ந்திருந்தது. சிப்பி நிற்கும் உயரம் வரை அன்றாடம் ஓதம் ஏறுகிறது என்றும், கறை முடியும் இடம் பெரிய ஓதம் வரும் அளவு என்றும் அவர் விளக்கினார். பிறகு விற்பனைக்கு வந்த நிலத்தின் உள்ளே நடந்து, தரையோடு படர்ந்திருந்த உமரிச் செடியைக் கிள்ளி என் கையில் வைத்தார். உமரி முளைத்திருக்கும் இடம் வரை உப்புத் தண்ணீர் வந்து போகிறது, அங்கே கடைக்கால் எடுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு. நான் அதன்பின் பார்த்த எல்லா நிலத்திலும் இந்தக் கணக்கு பிசகவில்லை.

வெள்ளக் கறையையும் இப்படியே தேடுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர், மதகு, மின்கம்பம் ஆகியவற்றில் கறை இருக்கும். 2015 நவம்பர் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது, 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டபோது தென்பெண்ணைக் கரையில் எதுவரை வந்தது என்று ஆண்டைச் சொல்லிக் கேட்டால், மக்கள் சுவரில் கையை வைத்தே காட்டிவிடுவார்கள்.

மூன்றாம் படி: பத்திரங்கள்

இதில் மற்ற நிலங்களுக்குச் செய்வதைத்தான் செய்யப் போகிறோம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தாய்ப்பத்திரம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேட்டு (ஊரின் ஒவ்வொரு புல எண்ணும் எவ்வகை நிலம் என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) நகல், புலப்படம் ஆகியவற்றை வாங்கி ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அ-பதிவேட்டில் அந்தப் புல எண் ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்று இருக்கிறதா, புறம்போக்கு என்று இருக்கிறதா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். கோயில் நிலமா என்பதையும் விசாரியுங்கள். வடக்கே போகப் போகப் புதுச்சேரியின் பாகூர்ப் பகுதி ஊர்களும் கடலூர் ஊர்களும் கலந்து கிடப்பதால், நிலம் எந்த அரசின் எல்லைக்குள் வருகிறது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். பதிவு அலுவலகம், கட்டணம், கட்டட அனுமதி எல்லாம் அதைப் பொறுத்து மாறும்.

இதற்குப் பிறகு உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து எல்லைக்கல்லைத் தேடி அளந்து பாருங்கள். ஆற்றங்கரையில் கல் தண்ணீருக்குள் போயிருப்பது புதிதன்று. பட்டாவில் 20 சென்ட் என்றிருந்து, கரை அரித்து 16 சென்ட் மட்டுமே தரையாக இருந்தால், அந்த 16-க்கு மட்டும் விலை பேசுங்கள்.

நான்காம் படி: வழி

நான் ஏமாந்தது இங்கேதான். அதனால் சற்று விரிவாக எழுதுகிறேன். உப்பனாற்றங்கரையில் நான் முதலில் பார்த்த நிலத்துக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பின் வழியே நடந்து போனோம். "வழிக்கு ஒண்ணும் குறையில்ல சார், முப்பது வருஷமா இப்படித்தான் போறாங்க" என்றார் தரகர். முன்பணம் கொடுத்த நான்காவது மாதம் தோப்புக்காரர் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டு முள்வேலி போட்டார்கள். அவர்கள் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. தந்தை பழக்கத்துக்காக அனுமதித்த நடை அது. எழுத்தில் எதுவும் இல்லாத வழியை நம்பிப் பணம் கொடுத்தது என் பிழை.

ஆகவே, முதலில் புலப்படத்தைப் பாருங்கள். பாதைக்கென்று தனிப் புல எண்ணோ உட்பிரிவோ இருந்து, அ-பதிவேட்டில் அது பாதை அல்லது வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால், அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. அதை யாரும் அடைக்க முடியாது. தனி எண் இல்லாமல் அடுத்தவர் பட்டா நிலத்தின் குறுக்கே விட்டுவிட்டு இழுத்த கோடாகப் பாதை காட்டப்பட்டிருந்தால், அது வலுவான சான்று, ஆனால் தகராறு வந்தால் நீதிமன்றத்தில் நிறுவ வேண்டியிருக்கும். படத்தில் எதுவுமே இல்லையென்றால் பத்திரத்துக்கு வாருங்கள். சொத்து விவரத்தில் சக்குபந்தி (நான்கு பக்க எல்லை விவரம்) எழுதும் இடத்துக்குக் கீழே "போக வர மாமூல் தட வழிநடை பாத்தியம் உட்பட" என்ற வரி பெரும்பாலான பத்திரங்களில் இருக்கும். அந்த வரி யாருடைய நிலத்தின் மேல், எத்தனை அடி அகலத்தில், எந்தத் திசையில் என்பதைச் சொல்லாவிட்டால் அதற்குப் பெரிதாக மதிப்பில்லை. விற்பவர் தம்மிடம் இல்லாத பாத்தியத்தை உங்களுக்கு எழுதித் தரவும் முடியாது.

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இரண்டு வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரே உரிமையாளரின் பெரிய நிலத்திலிருந்து துண்டாகப் பிரித்து விற்கப்பட்ட மனைக்கு வேறு வழியே இல்லையென்றால், மீதி நிலத்தின் வழியே போகும் உரிமை அவசியத்தின் பெயரால் கிடைக்கும். அடுத்து, 20 ஆண்டுகள் வெளிப்படையாகவும் இடையூறின்றியும், அனுமதி கேட்காமல் உரிமை உள்ளவர் போலவும் பயன்படுத்திய வழிக்கு உரிமை கோரலாம். அரசு நிலமென்றால் அது 30 ஆண்டு. ஆனால் "போய்க்கோப்பா" என்று நிலக்காரர் அனுமதித்ததால் நடந்த நடை எத்தனை ஆண்டானாலும் உரிமையாக மாறாது. என் முப்பது வருட வழி அந்த வகையைச் சேர்ந்தது.

எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு, பணம் கொடுத்து வழியை எழுதி வாங்குவது. பக்கத்து நிலக்காரரிடமிருந்து வண்டி திரும்பும் அகலத்துக்குப் பாதையைக் கிரயமாகவே வாங்கலாம். அதற்கு இசையாவிட்டால், அளவும் வரைபடமும் சேர்த்து, அவருடைய வாரிசுகளையும் கட்டுப்படுத்தும்படி பாதை உரிமைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். இதை உங்கள் கிரயத்துக்கு முன்பே முடியுங்கள். உங்களுக்கு வேறு வழியில்லை என்பது தெரிந்த பிறகு அந்தப் பாதையின் விலை நிலத்தின் விலையை எட்டிவிடும். பாதை எழுத்தில் இல்லாத மனைக்கு வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் கிடைப்பது கடினம்.

படகு மட்டுமே வழி என்றால், கொள்ளிடத்து அக்கரை ஜெயங்கொண்டபட்டினம், திட்டுக்காட்டூர் போன்ற ஊர்களுக்கு ஒரு முறை போய் வாருங்கள். ஆற்றில் வெள்ளம் வரும் நாட்களில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அவர்கள் படும் பாட்டைக் கேட்டுவிட்டு, வீட்டில் உள்ள முதியவர்களையும் குழந்தைகளையும் நினைத்து முடிவெடுங்கள்.

ஐந்தாம் படி: கடலோர ஒழுங்குமுறை மண்டலம்

கடலிலிருந்து தள்ளி இருக்கிறோமே என்று நினைக்க வேண்டாம். ஓதம் ஏறும் ஆறும் இந்த விதிகளுக்குள் வருகிறது. கோடையில் ஆற்று நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம் வரை ஓதத்தின் எல்லையாகக் கொள்ளப்படும். மத்திய அரசின் 2011 அறிவிக்கையில் ஆற்றின் இரு கரையிலும் 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. 2019 அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கியது. உங்கள் மனைக்கு எந்த வரைபடம் நடப்பில் உள்ளது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் புல எண்ணைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். அருகில் அலையாத்திக் காடு இருந்தால் கட்டுப்பாடு இன்னும் இறுகும். புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பார்க்கிறவர்கள் அரிக்கமேட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

ஆறாம் படி: படகு கட்டும் இடம்

ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் நீரோட்டம் மோதுவதால் ஆழம் இருக்கும்; படகு எந்நேரமும் மிதக்கும்; கரையோ ஆண்டுதோறும் அரியும். உள்வளைவில் மண் சேரும், நிலம் பத்திரம், ஆனால் வற்றத்தில் (ஓதம் இறங்கிய நேரத்தில்) படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். படகுக்கு உகந்த கரை நிலத்துக்கு ஆகாது என்ற இந்த முரண்பாட்டை வாங்குவதற்கு முன்பே எடைபோட்டுவிடுங்கள். என் தேர்வு உள்வளைவு. படகைச் சற்றுத் தள்ளிக் கட்டிக்கொள்ளலாம், போன நிலத்தை மீட்க முடியாது. உள்வளைவில் புதிதாகச் சேரும் மண் உங்கள் பட்டாவில் ஏறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வற்றம் மிகுந்த நேரத்தில் ஒரு மூங்கில் கழியில் அடிக்கணக்கைக் கீறிக்கொண்டு, கரையிலிருந்து மூன்று மூன்று அடியாகத் தள்ளி ஆழத்தை அளந்து எழுதுங்கள். வெளியே இயந்திரம் பொருத்திய சிறிய ஃபைபர் படகுக்கு வற்றத்திலும் மூன்றடித் தண்ணீர் இருந்தால் கவலையில்லை. நம் கடற்கரையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. ஆனாலும் கயிற்றை இழுத்துக் கட்டினால் நீர் ஏறும்போது படகின் ஒரு விளிம்பு மேலே வர முடியாமல் சாய்ந்து தண்ணீர் மொண்டுவிடும். முன்னும் பின்னும் இரண்டு முளை அடித்து, படகு ஏறி இறங்கும் அளவுக்குக் கயிற்றில் தளர்வு விட்டு, தலைப்பக்கம் நீரோட்டத்தை எதிர்நோக்கும்படி கட்ட வேண்டும். ஆற்றின் முகத்துவாரம் மணல் திட்டால் அடைபட்டு நிற்கும் காலத்தையும் விசாரியுங்கள். அப்போது நீர்மட்டம் ஓதத்தோடு சேர்ந்து ஏறி இறங்காது.

முளை அடிப்பதும் சிறு மரத்துறை போடுவதும்கூட அரசு நிலத்தில் செய்யும் வேலைதான். நீர்வளத் துறையிடமும், துறைமுக எல்லைக்குள் என்றால் தமிழ்நாடு கடல்சார் வாரியத்திடமும் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மீன்பிடிப் படகு மீன்வளத் துறையிலும், மற்ற இயந்திரப் படகு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் கீழும் பதிவாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, அதே கரையில் வலை உலர்த்தும், படகு இழுக்கும் மீனவர்களிடம் போய்ப் பேசுங்கள். அவர்கள் தலைமுறையாகப் பயன்படுத்தும் இறங்குதுறையை உங்கள் முளை மறிக்கக் கூடாது. ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்கும் வேலைக்கு ஊரே துணை நிற்கும்.

ஏழாம் படி: தண்ணீரும் சுமையும்

ஆழ்துளைக் கிணறு போடும் முன் அக்கம்பக்கத்துக் கிணற்று நீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதி என்றால் உப்போடு வேதிப்பொருள் சோதனையும் தேவை. கட்டுமானச் செலவில் சுமை கூலியைத் தனியாகக் கணக்கிடுங்கள். ஒரு செங்கல் ஏறக்குறைய மூன்று கிலோ. 3,000 கல் ஒன்பது டன். ஒரு டன் தாங்கும் படகில் ஒன்பது நடை. மணலுக்கும் சிமெண்டுக்கும் கம்பிக்கும் இதே கணக்கைப் போட்டால், மலிவாகக் கிடைத்த சென்ட் விலையில் எவ்வளவு மிச்சம் என்பது தெரிந்துவிடும்.

எட்டாம் படி: பதிவும் அதன் பிறகும்

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் ஆகும். பத்திரத்தில் நிலத்தின் அளவோடு வழியின் அகலத்தையும் நீளத்தையும், அது கடக்கும் புல எண்களையும் எழுதி, வரைபடத்தை இணைக்கச் சொல்லுங்கள். பதிவானதும் பட்டா மாற்றம் செய்து, காணாமற்போன எல்லைக்கற்களை நட்டு, பாதையின் இரு பக்கமும் பூவரசங்கழியை ஊன்றிவிடுங்கள். அது உவர் மண்ணிலும் வேர் பிடிக்கும். வீட்டு வேலையை முதல் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தொடங்க வேண்டாம். அந்த மழையில் தண்ணீர் வந்து நின்ற உயரத்தில் தென்னை மரத்தில் ஒரு சாயக் கோடு போட்டு வையுங்கள். கடைக்கால் மட்டத்தைக் கொத்தனார் அந்தக் கோட்டுக்கு மேல் எடுக்கட்டும்.