பெட்டியில் வைப்பதற்கு முன்: குளிர்க் கோட்டுகளை வீட்டிலேயே துவைத்துப் பேணும் முறை

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில் கோட்டு எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஆனால் வீட்டுக்கு ஒருவரையாவது ராணுவத்துக்கு அனுப்பிய கம்மவான்பேட்டை போன்ற ஊர்களும், காட்பாடியில் ரயிலேறி வடக்கே வேலைக்குப் போகிறவர்களும், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ பிள்ளைகள் வந்து போகும் குடும்பங்களும் உள்ள இந்த மாவட்டத்தில், பரண்மீது இருக்கும் டிரங்குப் பெட்டிகளைத் திறந்தால் கம்பளி ஜெர்சியோ கனத்த ஓவர்கோட்டோ நிச்சயம் கிடைக்கும். குளிர் நாட்டுக்காரர்கள் கோட்டை நான்கைந்து மாதம் தொடர்ந்து உடுத்துகிறார்கள். நம் வீடுகளில் அது பத்து நாள் உடுத்தப்பட்டு, மிச்ச நாளெல்லாம் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆகவே நம் கோட்டுகள் உடுத்தித் தேய்ந்து கெடுவதைவிட, வியர்வையோடும் ஈரத்தோடும் மடித்து வைக்கப்பட்டுக் கெடுவதே அதிகம். ஊரிலிருந்து திரும்பியதும், பெட்டியில் வைப்பதற்கு முன்பே, துவைக்க வேண்டியதைத் துவைத்துவிட வேண்டும். அடுத்த பயணத்துக்கு முந்தின நாள் துவைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், கழுத்துப் பட்டியிலும் கைமடிப்பிலும் படிந்த வியர்வையும் உணவுக் கறையும் அந்துப்பூச்சியை அழைத்துவிடும்.

முதலில் துணி எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். உள்பக்கத் தையலில் இருக்கும் சீட்டில் தொட்டி போன்ற குறியும் அதற்குள் 30 என்ற எண்ணும் இருந்தால், 30 டிகிரிக்கு மேற்படாத நீரில் துவைக்கலாம். தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் தண்ணீரில் நனைக்கவே கூடாது. சீட்டு அறுந்துபோன பழைய கோட்டானால், உள்தையலிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, கோட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் நாற்றம் வந்து, விரலால் நசுக்கினால் சாம்பல் பொடியாக உதிர்ந்தால் அது கம்பளி. உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை.

அதிகக் கவனம் தேவைப்படுவது கம்பளிக்குத்தான். நம் தலைமுடியைப் போலவே கம்பளியும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஒவ்வொரு இழையின் மேற்புறத்திலும் மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள் உள்ளன. சூடும், சலவைச் சோடா போன்ற காரமும் பட்டால் அந்தச் செதில்கள் விரிகின்றன. அந்த நிலையில் கசக்கினாலோ அடித்தாலோ ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணியே இறுகிவிடுகிறது. அப்பாவின் பணிக்காலக் கம்பளி ஜெர்சியை நான் ஒருமுறை வெந்நீரில் சலவைத் தூள் போட்டு ஊறவைத்து, சலவைக்கல்லில் இரண்டு அடி அடித்துத் துவைத்தேன். காய்ந்தபோது அது பத்து வயதுப் பிள்ளைக்குரிய அளவில் அட்டைபோல் நின்றது. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது. இப்படி இறுகிய கம்பளியைப் பழையபடி நெகிழ்த்த வழியில்லை.

சாதாரணச் சலவைத் தூளில் காரமும், பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதியும் இருப்பதால் அது கம்பளிக்கு ஆகாது. பிளீச்சிங் பவுடர் கம்பளியைக் கரைத்தே விடும். கம்பளிக்கென்று விற்கும் ஈஸி போன்ற திரவத்தைப் புட்டியில் எழுதியிருக்கும் அளவில் பயன்படுத்துங்கள். இல்லையேல் நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி, விதை நீக்கிய பத்துப் பன்னிரண்டு தோல்களை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, பிசைந்து வடிகட்டி அரை வாளி நீரில் கலந்துகொள்ளலாம். வெளிர் நிறத் துணியில் அது இலேசான பழுப்பை ஏற்றக்கூடும் என்பதால், அடர்ந்த நிறக் கம்பளிக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கிறேன்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்களையும் இங்கே சொல்ல வேண்டும். மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியின் நீர் பிற்பகலில் கையைச் சுடும். எனவே விடியற்காலையில், துவைக்கவும் அலசவும் தேவையான நீர் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொண்டால், எல்லா நீரும் ஒரே பதத்தில் இருக்கும். மற்றொன்று, பல தெருக்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. அதில் சோப்புக் கட்டி நுரைக்காமல் வெண்ணிறப் பிசுக்காகத் திரிந்து இழைகளில் ஒட்டிக்கொள்ளும். கோட்டு காய்ந்தபின் சொரசொரப்பதற்கு அதுவே காரணம். ஆகவே சோப்புக் கட்டி வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது அதை ஒதுக்குங்கள்; இல்லாதவர்கள் கடைசி வாளியில் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்க்கலாம்.

கம்பளிச் சட்டையை உள்புறம் வெளியாகத் திருப்பி, நீரில் அமிழ்த்தி, பத்து நிமிடம் விட்டு, உள்ளங்கையால் மெல்ல அமுக்கி அமுக்கி எடுத்தால் போதும். தேய்க்கவோ முறுக்கிப் பிழியவோ கூடாது. நுரை போகும்வரை இரண்டு மூன்று முறை அலசி, இரு கைகளாலும் அடியில் தாங்கித் தூக்குங்கள். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் நீரின் கனத்தில் கம்பளி இழுபட்டு நீண்டுவிடும். பிறகு தடித்த துண்டின்மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோல் துண்டோடு சேர்த்துச் சுருட்டி அழுத்தினால் பெரும்பாலான நீர் துண்டுக்குப் போய்விடும். காயவைக்கக் கொடி உதவாது. நிழலில் போட்ட கயிற்றுக் கட்டில்மேல் வெள்ளை வேட்டியை விரித்து அதில் பரப்பினால், மேலும் கீழும் காற்று புகுந்து ஒரே சீராகக் காயும். இந்த வேலைக்கு அதைவிடச் சிறந்த சாதனத்தை நான் பார்த்ததில்லை.

உள்துணியும் தோள் பஞ்சும் வைத்துத் தைத்த கம்பளி ஓவர்கோட்டை வீட்டில் நனைக்காதீர்கள். மேல்துணி ஓர் அளவும் உள்துணி வேறோர் அளவும் சுருங்கி, கோட்டின் அமைப்பே குலைந்துவிடும். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டி, ஒருநாள் நிழலில் காற்றாடவிட்டு, கறை பட்டிருந்தால் டிரை கிளீனிங் கொடுங்கள். கடையிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட வேண்டும்.

செயற்கைப் பஞ்சு அடைத்த ஜாக்கெட்டுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ஜிப்பைப் பூட்டி, இயந்திரத்தில் மென்மையான சுற்றில் துவைக்கலாம், இஸ்திரி மட்டும் போடக்கூடாது. ஆனால் வாத்தின் தூவி அடைத்ததைத் துவைத்தால் உள்ளே தூவி கட்டிகட்டியாகத் திரளும். மின்விசிறியின் கீழ் கட்டிலில் போட்டு, சில மணிக்கு ஒருமுறை புரட்டி, விரலால் கட்டிகளைப் பிரித்துத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். மேலே காய்ந்துவிட்டது என்று நம்பி முன்கூட்டியே மடித்தால் உள்ளே ஊறல் நாற்றம் பிடித்துவிடும். மழைக்கோட்டு வகையில் துணி மென்மையாக்கும் திரவத்தைச் சேர்த்தால் அதன் நீர் ஒட்டாத தன்மை குறையும். நீர் புகாத துணியைச் சுழற்றிப் பிழியும் தொட்டியில் போட்டால், உள்ளே தேங்கும் நீரால் இயந்திரம் நிலைகுலைந்து ஆடும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் தோல் ஜாக்கெட்டைத் தண்ணீரில் போடச் சொல்ல மாட்டார்கள். பதனிடும்போது தோலுக்கு ஏற்றிய கொழுப்பு நீரில் வெளியேறிவிட்டால், காய்ந்தபின் அது விறைத்து வெடிக்கும். ஈரம் ஒற்றிய துணியால் துடைத்து நிழலில் உலர்த்தி, தோலுக்கான கிரீமை மிகச் சிறிதளவு தடவுங்கள். தேங்காய் எண்ணெய் தோலைக் கருக்கித் தூசியை ஒட்டவைக்கும்.

கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் கைக்குக் காய்ந்ததுபோலவே தோன்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி வைத்த கம்பளி பூஞ்சை பிடிப்பது இதனால்தான். அந்த மாதங்களில் துவைப்பதைத் தள்ளிப்போட முடியாவிட்டால், கைக்குக் காய்ந்ததாகத் தோன்றிய பிறகும் இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் விடுங்கள். வைக்கும்போது பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பிளாஸ்டிக் பை இல்லாமல், மடித்து வையுங்கள். ஹாங்கரில் மாட்டினால் கம்பளிச் சட்டை தோளில் புடைத்து நீளும். அந்துருண்டையின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், அதைச் சிறு துணியில் முடிந்து துணிகளின் மேலே வைப்பதே பயன்தரும். ஆனால் கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டை கூடவே கூடாது: ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் உலர்ந்த வேப்பிலையை மட்டும் நம்பாமல், சுத்தமாகத் துவைத்துக் காயவைத்த கம்பளியைக் காற்றுப் புகாத உறையிலிட்டு ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்தெடுங்கள். முட்டையும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்தால், குளிர்ந்த கம்பளிமேல் நீர் பூக்காது. அதன்பின் தை மாதத்தில் ஒருமுறை பெட்டியைத் திறந்து, மடிப்புகளை உதறி, காலை இளவெயிலில் அரைமணி நேரம் விரித்துவிட்டு, முன்பிருந்த மடிப்புக் கோட்டிலேயே மடிக்காமல் வேறு இடத்தில் மடித்து வையுங்கள்.